கசிப்பும் கண்பார்வையும்: கரவெட்டியில் நாங்கள் பேசியது

(வடமராட்சி சீவல் தொழிலாளர்களின் அழைப்பின் பேரில் நம் சங்கத்தின் குழுவொன்று கரவெட்டிக்குப் போயிருந்தது. அங்குள்ள சனசமூக நிலையம் ஒன்றில் ஆற்றிய உரையை, தோட்டக் கமிட்டிகளில் வாசித்துக் காட்டுவதற்காக முழுமையாகத் தருகிறோம்.)



மலையிலிருந்து வடமராட்சிக்கு வருவது எங்களுக்கு லேசான பயணம் அல்ல. ஆனாலும் கூப்பிட்டதும் வந்தோம். 1956இல் இந்தப் பருத்தித்துறைப் பகுதி பொன். கந்தையாவை கம்யூனிஸ்ட் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய பகுதி. தொழிலாளி பேச வந்தால் காது கொடுக்கிற ஊர் இது என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

தோட்டத் தொழிலாளர்கள் வந்திருக்கிறார்கள், சம்பளப் பிரச்சினையைப் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுவோம். இப்போது கசிப்புப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதிலும் எல்லாவற்றையும் பேசப்போவதில்லை. குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்ல உங்கள் ஊரில் கோயில் இருக்கிறது, எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் இருக்கிறாள், எல்லாருக்கும் மேலே வீட்டில் மனைவி இருக்கிறாள். நாங்கள் பேசப்போவது கண்ணைப் பற்றி. ஒரு நல்ல கண் இரண்டு நாளுக்குள் எப்படி அவிந்துபோகிறது, அதைக் காப்பாற்றக்கூடிய மணித்தியாலங்கள் எவை, அந்த மணித்தியாலங்களை நம் ஆட்கள் ஏன் வீணாக்குகிறார்கள் என்பதுதான் விஷயம்.

முதலில் அசாமுக்குப் போவோம். 2019 பெப்ரவரி. கோலாகாட் மாவட்டத்தில் ஹால்மிரா என்றொரு தேயிலைத் தோட்டம். அங்கே வேலை செய்கிறவர்கள் யார்? எங்கள் பாட்டன் பூட்டனைத் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு ஆள்கட்டிக் கூட்டிவந்த மாதிரி, சோட்டா நாக்பூரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவரப்பட்ட ஏழைகளின் பேரப்பிள்ளைகள். அவர்களுக்கும் லயம், அவர்களுக்கும் கொழுந்துக் கூடை. வேலை முடிந்த பின்னேரம் வழக்கமாகக் குடிக்கிற நாட்டுச் சாராயத்தை அன்றும் குடித்தார்கள். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் குடித்தார்கள். அடுத்த நாள் வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல். பக்கத்து ஜோர்ஹாட் மாவட்டத்திலும் அதே கதை. சில நாட்களுக்குள் 150 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அந்தச் சாராயத்தில் இருந்தது மெதனோல்.

தேயிலைத் தொழிலாளிக்கு ஒரே இடத்தில் இவ்வளவு பெரிய சாவு விழுந்தது எங்கள் தோட்டங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுப் பார்த்தோம். அநேகமாக ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இந்த ஊர் ஊரான பேச்சு.

அடுத்தது நமக்கு மொழியாலும் கிட்டிய இடம். தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி, 2024 ஜூன். கருணாபுரம் என்கிற, கூலி வேலைக்குப் போகிற சனம் வாழும் இடம். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பார்வை போனவர்களும் உண்டு. அங்கே நடந்த ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். முதல் சாவுகள் விழுந்தபோது, காரணம் கள்ளச்சாராயம் அல்ல என்றுதான் மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து முதலில் பேச்சு வந்தது. ஊரும் எச்சரிக்கைப்படவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள், துக்கத்துக்கு என்று அதே சாராயத்தைக் குடித்தார்கள். பிறகு கலெக்டரை இடம் மாற்றினார்கள், பொலிஸ் அத்தியட்சகரைப் பணியிலிருந்து இடைநிறுத்தினார்கள், இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் இந்திய ரூபா, சிகிச்சை பெற்றவர்களுக்கு 50,000 என்று அறிவித்தார்கள். இதெல்லாம் பிறகு. முதல் ஆள் விழுந்த அன்றைக்கே ‘அந்தச் சாராயத்தைத் தொடாதீர்கள், தொட்டவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்’ என்று தெருத் தெருவாக ஒருவர் சொல்லிக்கொண்டு போயிருந்தால் எத்தனை உயிர், எத்தனை கண் மிஞ்சியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பேப்பரில் சாவை எண்ணிப் போடுகிறார்கள். கண்ணை எண்ணிப் போடுவதில்லை. செத்தவர் கணக்கில் வருகிறார், குருடானவர் வீட்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்.

சரி, இந்த மெதனோல் என்பது என்ன? குடிக்கிற எந்த மதுவிலும் வெறி தருவது எதனோல். மெதனோல் அதன் தம்பி மாதிரி. பார்த்தால் தண்ணீர் மாதிரித்தான் இருக்கும். மணத்திலும் ருசியிலும் வித்தியாசம் பிடிக்க முடியாது. பெயின்ற், வார்னிஷ், தின்னர், தொழிற்சாலை வேலைகளுக்கு உள்ள சாமான் அது. சிலர் நெருப்பு வைத்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்கள். நீலமாக எரிந்தால் நல்ல சரக்காம். தோழர்களே, மெதனோலும் நீலமாகத்தான் எரியும். அந்தச் சோதனையை நம்பிக் குடிக்கிறவனைவிட நம்பாமல் குடிக்கிறவன் தேவலை, அவனுக்காவது பயம் இருக்கும்.

மெதனோல் உள்ளே போனவுடன் ஒன்றும் செய்யாது. அதுதான் அதன் சூது. சாதாரண வெறி வரும், அதுகூடக் கொஞ்சமாகத்தான். ஆள் தூங்கிவிடுவார். கெடுதல் செய்வது மெதனோல் அல்ல, ஈரல் அதை உடைத்து உண்டாக்குகிற போமிக் அமிலம். றப்பர் தோட்டத்தில் வேலை செய்த தோழர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். பால் உறைய ஊற்றுவோமே, அதே அமிலம்தான். மரத்தில் ஏறும்போது முசுறு கடித்தால் எரிகிறதே, சீவல் தொழிலாளிக்குத் தெரியும், அந்த எரிச்சலிலும் இருப்பது அதுதான். றப்பர் பாலை உறைய வைக்கிற சாமானை நம் ஈரலே நம் இரத்தத்துக்குள் காய்ச்சி ஊற்றுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த அமிலம் உடம்பின் கலங்களை மூச்சை உபயோகிக்க விடாது. காற்று உள்ளே போகும், இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கும், ஆனால் கலம் அதை எடுத்து வேலை செய்ய முடியாமல் திணறும். எந்த இடம் கூடுதலாகச் சக்தி செலவழிக்கிறதோ அந்த இடம் முதலில் அடிபடும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பார்வை நரம்பு அப்படிப்பட்ட இடம். ஆகவே கண் வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும். சிவக்காது, வீங்காது. பல்ப் சரியாக இருக்கும், உள்ளே வயர் கருகியிருக்கும். எங்கள் பக்கத்தில் இப்படிப் பார்வை போனவர்களைக் கண்புரை என்று நினைத்து இலவசக் கண் முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். கண்புரைக்கு வில்லையை மாற்றலாம். கருகின நரம்புக்குக் கண்ணாடியும் இல்லை, சத்திரசிகிச்சையும் இல்லை. இன்னொருவர் கண்ணைத் தானமாக வாங்கி வைத்தாலும் உதவாது.

எவ்வளவு குடித்தால் ஆபத்து? வைத்திய நூல்களில் சொல்கிற கணக்கு இது: சுத்த மெதனோல் 10 மில்லிலீற்றர், அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லிலீற்றர் உயிரைப் பறிக்கப் போதும். ஆளுக்கு ஆள் இது மாறும். ஒரே கானில் குடித்த நாலு பேரில் ஒருவர் செத்து, ஒருவர் கண் போய், இரண்டு பேர் எழும்பி வேலைக்குப் போவதும் நடக்கும். ‘நானும்தானே குடித்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று அந்த இரண்டு பேரும் சொல்வார்கள். அந்தப் பேச்சை ஒரு சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி மணித்தியாலக் கணக்கு. இதுதான் நாங்கள் சொல்ல வந்ததன் நடு.

குடித்து 12 மணித்தியாலத்திலிருந்து 24 மணித்தியாலத்துக்குள் அறிகுறி தொடங்கும். நல்ல சாராயமும் சேர்த்துக் குடித்திருந்தால் இன்னும் பிந்தும், இரண்டு மூன்று நாள்கூட ஆகலாம். காரணம் இருக்கிறது. ஈரலில் எதனோலுக்கும் மெதனோலுக்கும் ஒரே வாசல்தான். எதனோல் வாசலில் நிற்கும்வரை மெதனோல் வெளியில் காத்துக்கொண்டிருக்கும். எதனோல் தீர்ந்தபிறகு இது உள்ளே போய் அமிலமாகும். சனிக்கிழமை இரவு குடித்தவருக்கு ஞாயிறு பின்னேரமோ திங்கள் காலையோ தலையிடி, வாந்தி, வயிற்றுக் குத்து. வீட்டில் என்ன சொல்வார்கள்? வெறி இறங்கவில்லை, கிடந்து எழும்பட்டும் என்பார்கள். பெரட்டுக்குப் போகாத ஆளைப் பற்றிக் கங்காணியும் அதையேதான் சொல்வார்.

பிறகு கண்ணில் தொடங்கும். வெளிச்சம் கூசும். எல்லாம் மங்கும். குளிர் நாட்டு நோயாளிகள் பனி கொட்டுகிற வெளியில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று டொக்டரிடம் சொல்வார்களாம். கரவெட்டியில் ஒருவர் ‘ஒரே பனியாக இருக்கு’ என்று சொன்னால் உடனே ஏதோ பிழை என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு அதுதான் கஷ்டம். நுவரெலியாப் பக்கத்தில் விடிந்தால் மூடுபனி. நம்மாள் காம்பராவுக்குள் உட்கார்ந்துகொண்டு ‘என்ன இன்னைக்கு இவ்வளவு பனி’ என்று கேட்டால் பெண்சாதி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்பாள். ஆகவே தோட்டங்களில் இதை வாசிக்கிறவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள்: கசிப்புக் குடித்த ஆள் அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ பனி, புகை, மங்கல் என்று எந்தச் சொல்லைச் சொன்னாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. வாந்தியும் பெருமூச்சும் மட்டும் இருந்தாலும் ஆஸ்பத்திரி. கண் மங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் செய்வதற்கு நிறைய இருக்கிறது, அதனால்தான் ஓடச் சொல்கிறோம். இரத்தத்தில் ஏறிய அமிலத்தை முறிக்கச் சோடியம் பைகார்பனேற் ஏற்றுவார்கள். மெதனோல் அமிலமாக மாறாமல் ஈரலின் வாசலை அடைக்க மருந்து கொடுப்பார்கள். போமெபிசோல் என்று ஒன்று இருக்கிறது, விலை கூடியது. அது இல்லாத இடத்தில் எதனோலையே மருந்தாகக் கொடுப்பார்கள். அமிலத்தை உடம்பு கழிக்க போலிக் வகை விற்றமின் கொடுப்பார்கள். பிறகு சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்கிற மாதிரி இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பார்கள், அது மெதனோலையும் அமிலத்தையும் சேர்த்தே வெளியே எடுத்துவிடும். அமிலம் நரம்பில் நிற்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் நட்டம். சிலருக்கு முதல் நாட்களில் பார்வை கொஞ்சம் திரும்பும், பிறகு சில வாரங்களில் மறுபடி மங்கும். ஆகவே திரும்பிவிட்டது என்று கிளினிக்கை விட்டுவிடக்கூடாது.

எதனோல் மருந்தா என்று பின்வரிசையில் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எங்கள் தோட்டத்திலும் சிரித்தார்கள். அண்ணைமாரே, டொக்டர் அளந்து, இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து, மணித்தியாலக் கணக்கில் கொடுக்கிற விஷயம் அது. வீட்டில் இன்னொரு போத்தலை உடைத்து ஊற்றினால் அதற்குள்ளும் மெதனோல் இருக்கலாம், ஆள் மயங்கி மூச்சும் அடங்கலாம். மோர், தேசிக்காய், உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளை எதுவும் இதற்கு மருந்தல்ல. அவை செய்கிற ஒரே காரியம் நேரத்தைத் தின்பது.

மெதனோல் நஞ்சு பற்றி வைத்தியர்களைப் பழக்குவதற்கு எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பும் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழக வைத்தியசாலையும் சேர்ந்து பல நாடுகளில் வேலை செய்கின்றன. போர்க் காலத்தில் மந்திகை ஆஸ்பத்திரியில் வேலை செய்த அதே எம்.எஸ்.எவ். தான், உங்களுக்கு அவர்களைத் தெரியும். பணக்கார நாடுகளையும் இது விடவில்லை. 2012இல் செக் நாட்டில் மெதனோல் கலந்த மது பரவிப் பலர் செத்தபோது, அரசாங்கம் 20 வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள எல்லாப் போத்தல்களின் விற்பனையையும் நாடு முழுக்க நிறுத்தியது. அப்படி ஒரு முடிவை ஒரு நாளில் எடுக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இவ்வளவு சிகிச்சை இருக்கும்போது நம் ஆட்கள் ஏன் போவதில்லை? வெட்கம். பொலிஸ் பயம். ஒரு நாள் பேர் போய்விடும் என்ற கவலை. விற்றவன் அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி இருக்கிறவன், சொந்தக்காரன், காட்டிக்கொடுத்ததாகப் போய்விடும் என்ற யோசனை. ஆஸ்பத்திரியில் பொலிஸ் வந்து விபரம் கேட்கலாம், அது உண்மை, மறைக்கமாட்டோம். ஆனால் கசிப்புக் குடித்தவர் என்பதற்காக அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சையை மறுக்க முடியாது. டொக்டரிடம் பொய் சொன்னால்தான் ஆபத்து. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் சேலைன் ஏற்றி வார்ட்டில் படுக்க வைப்பார்கள், அமிலம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாரோடு என்ற நாலையும் வாசலிலேயே சொல்லுங்கள். போத்தலில் மிச்சம் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

மேடைகளில் குடிகாரனைத் திட்டுகிற பேச்சுப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தைக் கேட்டுவிட்டுப் போன ஆளுக்குத் திங்கட்கிழமை கண் மங்கினால் யாரிடம் வாய் திறப்பார்? ஒரு போத்தல் சாராயத்தின் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. தோட்டத்துத் தொழிலாளி தவறணைப் பக்கம் போவதைவிட்டுக் கசிப்புக்கு இறங்கியதில் இந்த விலைக்கும் பங்குண்டு. அந்தக் கணக்கைப் பேசாமல் ஆளை மட்டும் ஏசுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

கசிப்பு எல்லாம் மெதனோலா என்று கேட்பீர்கள். இல்லை. சீனியும் ஈஸ்ற்றும் போட்ட கோடாவைக் காய்ச்சினால் வருவது பெரும்பாலும் எதனோல்தான். ஈரலை அரிக்கும், குடும்பத்தை அரிக்கும், ஆனால் ஒரே இரவில் ஒரு லயத்தையே குருடாக்குகிற அளவுக்கு மெதனோல் கோடாவிலிருந்து தானாக வராது. கூட்டம் கூட்டமாகச் சாவு விழுகிற இடங்களில் நடப்பது வேறு. காய்ச்சுகிற சிரமம் வேண்டாம் என்று தொழிற்சாலை மெதனோலை வாங்கித் தண்ணீர் கலந்து விற்கிறார்கள். 2023இல் தமிழ்நாட்டில் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டிலும் விழுந்த சாவுகளிலும் அதுதான் கண்டுபிடிக்கப்பட்டது. கடைசியில் கையில் ஊற்றிக் கொடுக்கிறவனுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியவே தெரியாது. அவனும் குடித்திருப்பான். பொலிஸ் முதலில் பிடிப்பது அவனைத்தான். கானை லொறியில் ஏற்றி அனுப்பினவன் தூரத்தில் இருப்பான். மெதனோலை யார் இறக்குகிறார், யாருக்கு விற்கிறார், எத்தனை லீற்றர் கணக்கில் காணாமல் போகிறது என்று கேட்க வேண்டியது அங்கே. அதைத் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டும்.

உங்கள் கள்ளுக்கு வருவோம், அதற்காகத்தானே இந்த மண்டபத்தில் சீவல் தொழிலாளர்கள் இத்தனை பேர் இருக்கிறீர்கள். மரவரிக் காலம் போய் 1972இல் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது உங்களுக்குக் கிடைத்தது வருமானம் மட்டுமல்ல. தவறணைக்கு வருகிற கள்ளுக்கு ஒரு விலாசம் கிடைத்தது. எந்தக் காணி, எந்த மரம், யார் சீவியது, எத்தனை மணிக்கு இறக்கியது என்று சொல்ல ஆள் இருக்கிறார். திக்கம் வடிசாலைக்குப் போவதும் அளந்து, எழுதி, கணக்கில் போவது. கசிப்புக் கானுக்கு அந்த விலாசம் இல்லை. பருவம் முடிந்து மரம் ஓய்கிற மாதங்களில் வெளியிலிருந்து கான் வந்து இறங்குவதாக நீங்களே எங்களிடம் சொன்னீர்கள். சீவல் தொழிலாளி மரத்திலிருந்து விழுந்தால் ஊர் ஓடிவரும். அந்தக் கானால் விழுந்தால் ஊர் கதவைச் சாத்தும். அந்தக் கதவுகளை உங்கள் சங்கம் தட்டவேண்டும், எங்கள் பக்கத்துக் கதவுகளை நாங்கள் தட்டுகிறோம்.

பார்வை போனவர்களுக்கும் வழி இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்திய சான்றிதழ் இருந்தால் ஊழியர் சேமலாப நிதியை வயது வரும்வரை காத்திருக்காமல் எடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்ப எங்கள் மாவட்டக் காரியாலயங்களில் ஆள் இருக்கிறார், கூலி கேட்கமாட்டார். இங்கே சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. பார்வையற்றவர்கள் வெள்ளைப் பிரம்போடு தனியே நடக்கவும் படிக்கவும் உழைக்கவும் முடியும் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் கண்ணால் காண ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பார்வை போன ஆண் ஒருவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டுவதில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

எங்கள் தோட்டங்களில் செய்யத் தீர்மானித்திருப்பதை உங்களுக்கும் சொல்லிவைக்கிறோம். ஒவ்வொரு டிவிஷனிலும் இரண்டு பேர், கட்டாயம் ஒருவர் பெண், இதற்குப் பொறுப்பு. யாருக்காவது குடித்தபின் இந்த அறிகுறி வந்தால் அவர்களுக்கு அறிவிக்கவேண்டும். எங்கே வாங்கினாய், ஏன் குடித்தாய் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். 1990க்கு அழைப்பார்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. மேல் டிவிஷன்களுக்கு வாகனம் ஏறாத இடத்தில் ஆளைக் கம்பளியில் கட்டி ரோட்டுக்கு இறக்க நாலு இளைஞர்களின் பெயர் எழுதியிருக்கும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரத்தம் சுத்திகரிக்க முடியாது, ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லிக் கேட்கவேண்டும். கொழும்பில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, எந்த நஞ்சுக்கு என்ன செய்வது என்று எந்த வைத்தியரும் அங்கே கேட்கலாம்.

ஒருவரை அனுப்பிவிட்டு நின்றுவிடக்கூடாது. அதே கானில் குடித்தவர்கள் யார் யார் என்று அந்த இரவே தேடவேண்டும். சுகமாக இருக்கிறவரையும் எழுப்பி அனுப்பவேண்டும், அவருக்கு மணித்தியாலம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். விடியப் பெரட்டுக் களத்தில் சொல்லவேண்டும். பெரட்டுக்கு முன்னாலேயே தெரியவந்தால் தப்படித்துச் சொல்லவேண்டும். சாவுக்குத் தப்படிக்கிற தோட்டத்தில் இதற்கும் அடிக்கலாம் என்று எங்கள் பெரியவர் ஒருவர் சொன்னார், கமிட்டி ஒத்துக்கொண்டது.

மந்திகையிலிருந்து வந்திருக்கும் தாதி அக்கா இங்கே முன்வரிசையில் இருக்கிறா. மருந்து பற்றிய கேள்விகளை அவவிடம் கேளுங்கள், எங்களைவிட அவவுக்குத் தெரியும். சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்குச் சம்பளக் கதையைத் தொடங்குவோம்.